பாலசமுத்திரத்தில் வீடு: கட்டியதை வாங்குவதா, கட்டிக்கொள்வதா?

2021 நவம்பர் மழையின்போது திருப்பதி எம்.ஆர்.பள்ளி பக்கம் ஸ்ரீகிருஷ்ணா நகரில் ஒரு வீட்டின் தரையடித் தண்ணீர்த் தொட்டி மண்ணைப் பிளந்துகொண்டு மேலே எழும்பியது. சிமென்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கிக் கட்டிய தொட்டி அது. உள்ளே இறங்கிச் சுத்தம் செய்துகொண்டிருந்த பெண் பதறிப்போய் வெளியே வந்தார். ஊறிப்போன மண்ணில் நிலத்தடி நீர் ஏறி, காலித் தொட்டியை மேலே தள்ளிவிட்டது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் விரிசல் கண்டது. அதே வாரத்தில் ராயலசெருவு ஏரிக்கரை உடையும் அபாயத்தால் சுற்றுக் கிராமங்களைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

மார்பிளுக்கும் மாடுலர் கிச்சனுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பவர்கள், அடியில் இருக்கும் மண்ணுக்கு ஒரு நாள் செலவழிப்பதில்லை. வாங்குவதா, கட்டுவதா என்ற கேள்விக்கு முன்னால் வரவேண்டியது, அது எந்த நிலம் என்ற கேள்வி.

சித்தூர் மாவட்டத்தின் எல்லையோர மண்டலமான பாலசமுத்திரத்தில் இந்தக் கேள்விக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் பேச்சு தமிழ், பத்திரம் தெலுங்கு. சென்னையில் சம்பாதித்து ஊரில் வீடு வேண்டும் என்று வருகிறவர், தனக்குப் படிக்கத் தெரியாத பக்கங்களில் வரிசையாகக் கையெழுத்துப் போடுகிறார். பத்திரம் எழுதுபவர் வாயால் சொன்னதே அவருக்குத் தெரிந்த சங்கதி. விற்பவருக்கும் தரகருக்கும் சம்பந்தமில்லாத, தெலுங்கு தெரிந்த ஒருவரை உட்காரவைத்து, சர்வே எண், நான்கு எல்லை, சென்ட் அளவு, விலை, முன்பண விவரம் என்று வரிவரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பதற்கு அரை மணி நேரம் போதும்.

நிலத்தில் முதல் ஆபத்து டி.கே.டி. பட்டா. நிலமற்றவர்களுக்கு அரசு ஒதுக்கிய இந்த நிலத்தை விற்பதை 1977-ஆம் ஆண்டின் ஆந்திர ஒதுக்கீட்டு நிலச் சட்டம் தடை செய்கிறது. விற்றாலும் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒதுக்கி 20 ஆண்டு கடந்தவற்றுக்கு முழு உரிமை தரும் திருத்தம் 2023-இல் வந்தது. 2024-இல் ஆட்சி மாறியதும், முறைகேட்டுப் புகார்களால் அந்த நிலங்களின் பதிவு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகவே, "இப்போ ஃப்ரீஹோல்டு ஆயிடுச்சுங்க" என்று தரகர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது. பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவில் தடை செய்யப்பட்ட நிலங்களின் பட்டியல் பதிவுத் துறை இணையதளத்திலேயே இருக்கிறது. சர்வே எண்ணைப் போட்டுப் பார்க்கலாம், சப் ரிஜிஸ்திரார் ஆபீசிலும் கேட்கலாம். கோயில், மடத்து நிலங்களும் இந்தப் பட்டியலில் வரும். திருப்பதி ஹாத்திராம்ஜி மடத்து நிலங்களின் தகராறு பல ஆண்டுகளாக ஓயாமல் இருப்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த கதை.

ஏரி, குட்டை, வாய்க்கால் புறம்போக்கில் கட்டிய வீடு எத்தனை அழகாக இருந்தாலும் வேண்டாம். பொது நிலத்து ஆக்கிரமிப்புகளை முறைப்படுத்தக் கூடாது என்று 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த வழக்கே ஒரு கிராமத்துக் குளத்தைப் பற்றியதுதான். கொசஸ்தலை ஆற்றோரம் மனை பார்ப்பவர்கள், கிருஷ்ணாபுரம் அணை திறந்த ஆண்டுகளில் தண்ணீர் எதுவரை வந்தது என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிட வேண்டும்.

சரி, கட்டிய வீட்டை வாங்குகிறோம் என்றால்? சுவரும் கூரையும் கண்ணுக்குத் தெரியும், இரண்டு மழையைத் தாங்கியதா என்பதும் தெரியும். தெரியாதது அதன் பூர்வீகம். இங்கே அதிகம் ஏமாறும் இடம் பெண் பிள்ளைகளின் பங்கு. ஆந்திராவில் என்.டி.ராமாராவ் ஆட்சியில் 1985 செப்டம்பர் 5 முதலே, அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகன்களுக்குச் சமமான உரிமை வந்துவிட்டது. தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. 2005-இன் மத்தியத் திருத்தமும் 2020-இல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் அந்த உரிமையை இன்னும் உறுதிப்படுத்தின. அப்பா காலத்து வீட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு விற்றால், பள்ளிப்பட்டிலோ நகரியிலோ வாழ்க்கைப்பட்ட அக்கா நாளை வழக்குப் போடலாம். அது அவர் நியாயமான உரிமை. வாரிசுச் சான்றில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும் என்று வாங்குபவர் அடம்பிடிக்கத்தான் வேண்டும்.

30 ஆண்டு வில்லங்கச் சான்று கட்டாயம் எடுக்க வேண்டும். ஆனாலும் அதில் நீதிமன்ற வழக்கும், பதியாத ஒப்பந்தமும், வாரிசுப் பங்கும் தெரியாமல் போகலாம். தாய்ப் பத்திரத்தின் அசலைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். நகல்தான் இருக்கிறது என்றால் அசல் பெரும்பாலும் வங்கியில் இருக்கும். கடன் முடிந்த 30 நாளில் வங்கி அசலைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023-இல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு. எனவே "பேங்கில் மாட்டிக்கிச்சு" என்ற சாக்கு நெடுநாள் நிற்காது. பவர் பத்திரத்தை மட்டும் நம்பி வாங்கினால் உரிமை மாறாது. 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அதைத் தெளிவாகச் சொல்கிறது.

செலவிலும் வித்தியாசம் உண்டு. ஆந்திராவில் முத்திரை, மாற்று வரி, பதிவுக் கட்டணம் சேர்ந்து 7.5 சதவீதம். கட்டிய வீட்டை வாங்கினால் நிலம், கட்டடம் இரண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். மனை வாங்கிக் கட்டினால் நிலத்துக்கு மட்டும். இதைக் குறைக்கப் பத்திரத்தில் விலையைக் குறைத்து எழுதிக்கொண்டு மீதியை ரொக்கமாகக் கொடுப்பவர்கள், நாளை உரிமை செல்லாமல் போனால் எழுதிய தொகையை மட்டுமே கேட்க முடியும். ரொக்க முன்பணம் 20,000 ரூபாயை எட்டினால் வருமான வரிச் சட்டத்திலும் சிக்கல்.

கட்டுபவரின் ஆபத்து மேஸ்திரியோடு தொடங்குகிறது. ஊரில் பெரும்பாலும் சதுரடி ரேட் பேசி, கைகுலுக்கி, பூஜை போட்டுவிடுவார்கள். இரும்பு யார் கணக்கு, எந்த சிமென்ட், படிக்கட்டு கைப்பிடி ரேட்டில் அடக்கமா என்ற கேள்விகள் லிண்டல் மட்டம் வந்த பிறகுதான் சண்டையாக எழும். கூரை போடும் நாளில் கலவை இறங்கவில்லை என்று பைப்பைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினால், அந்த நொடியே கூரையின் வலு குறைகிறது. பி.பி.சி. சிமென்டில் போட்ட கூரைக்குக் குறைந்தது 10 நாள் தண்ணீர் கட்ட வேண்டும். பணத்தை அஸ்திவாரம், பேஸ்மட்டம், லிண்டல், கூரை, பூச்சு என்று படிப்படியாக வங்கி வழியே கொடுப்பதும், கடைசித் தவணையை ஒரு மழை பார்த்தபின் கொடுப்பதாக ஒப்பந்தத்தில் எழுதிவைப்பதும் பாதுகாப்பு.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமான ரெரா தனி வீடு கட்டுபவருக்குக் கைகொடுக்காது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுகளுக்கும் எட்டு வீட்டுக்கு மேற்பட்ட அடுக்ககங்களுக்குமே அது. திருப்பதியில் ஃபிளாட் வாங்குபவருக்கு அது பெரிய துணை. எழுத்து ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது, ஐந்து ஆண்டுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 2014 ஜூன் 28-இல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தபோது இந்தச் சட்டம் இல்லை.

தனி வீடு கட்டுபவருக்குத் துணை நுகர்வோர் சட்டம். வீடு கட்டித் தருவதும் சேவையே என்று 1993-இல் லக்னோ வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019-இன் சட்டமும் அதை ஏற்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையத்துக்கே போகலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். ஆனால் கையில் எழுத்து ஒப்பந்தமும் ரசீதும் இல்லாதவருக்கு எந்த ஆணையத்திலும் வழக்கை நிரூபிப்பது கஷ்டம்.

சொந்த ஊரில் பூர்வீக மனை சுத்தமாக இருந்தால் கட்டுவதே நல்லது. மனை இல்லாதவர், அனுமதியில்லாத லேஅவுட்டில் மலிவு மனை வாங்கிக் கட்டுவதைவிட, பத்திரம் தெளிவாக உள்ள பழைய வீட்டை வாங்கிப் பழுதுபார்ப்பது பாதுகாப்பானது. முன்பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் நுகர்வோர் உதவி எண் 1915-ஐயும், சட்ட உதவி எண் 15100-ஐயும் அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார்.