ஒளியை முந்துமா விண்கப்பல்?

ஸ்டார் ட்ரெக் தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலை வடிவமைத்த மாட் ஜெஃப்ரிஸ், அதன் இரு எஞ்சின்களையும் நீண்ட கைகளில் பொருத்தி, ஆட்கள் இருக்கும் பகுதியிலிருந்து தள்ளி வைத்தார். அத்தனை ஆற்றல் பொங்கும் இடத்தருகே மனிதர் இருக்கலாகாது என்பது அவர் எண்ணம். விமானம் அறிந்தவரின் அருமையான யோசனை!

ஆனால் எஞ்சின் எவ்வளவு வலுவானாலும் ஒளியை ஏன் முந்த முடியாது? வேகம் நொடிக்குச் சுமார் 3 லட்சம் கிலோமீட்டரை நெருங்க நெருங்க, மேலும் முடுக்கத் தேவையான ஆற்றல் எல்லையில்லாமல் ஏறும்.

1994இல் மெக்சிகோ இயற்பியலாளர் மிகேல் அல்குபியெர்ரே மாற்றுவழி சொன்னார். கப்பலுக்கு முன்னுள்ள வெளி சுருங்கி, பின்னுள்ள வெளி விரிந்தால், நடுவே உண்டாகும் குமிழி கப்பலைச் சுமந்து செல்லும். குமிழி ஒளியை முந்தினாலும், அதற்குள் கப்பல் ஒளியை முந்துவதில்லை. ஒளியை முந்த முடியாது என்ற ஐன்ஸ்டைனின் விதி பிழைத்துக்கொள்கிறது.

இந்தக் குமிழியை உண்டாக்க எதிர்மறை ஆற்றல், அதாவது சுழியத்துக்கும் கீழான ஆற்றல், வேண்டும். 1997இல் இயற்பியலாளர்கள் ஃபென்னிங்கும் ஃபோர்டும் போட்ட கணக்கில், அதன் அளவு காணும் பிரபஞ்சம் முழுவதிலும் உள்ள பொருளின் ஆற்றலைவிட அதிகமாக இருந்தது. பின்னர் வந்த வடிவங்கள் தேவையைக் குறைத்தன. எனக்குப் பெரிய தடையாகத் தெரிவது வேறு: ஒளியை முந்தும் குமிழியின் உள்ளிருந்து அதன் முன்சுவருக்கு எந்தச் சமிக்ஞையும் போய்ச் சேராது. ஆகவே குமிழியை மாலுமியால் திருப்பவோ நிறுத்தவோ இயலாது.