கோலாலம்பூர் ரயில் நிலையம்: பட அஞ்சலட்டை
20ஆம் நூற்றாண்டின் முற்பகுதி

ஏ. பி. ஹப்பக் வடிவமைத்த இந்நிலையம் 1910இல் திறக்கப்பட்டது. குவிமாடங்கள் நிறைந்த அதன் முகப்பு, பட அஞ்சலட்டை அச்சிட்டவர்களுக்கு வசதியாகப் போயிற்று. தபால்தலையில் பாயும் புலி, மலாய்க் கூட்டு மாநிலங்களுடையது.

பின்புறத்தின் நடுக்கோட்டைக் கவனியுங்கள். இடப்பக்கம் சேதிக்கு, வலப்பக்கம் முகவரிக்கு. தொடக்க கால அட்டைகளில் இக்கோடு இல்லை. பின்புறம் முழுவதும் முகவரிக்கே. நலம் விசாரிப்பெல்லாம் முன்பக்கத்தில், படத்தின் ஓரத்தில், எறும்பு ஊர்ந்தாற்போல நுணுக்கி எழுதப்பட்டன. படம் கெட்டதுதான் மிச்சம்! 1902இல் பிரிட்டன் பின்புறத்தைப் பிரிக்க அனுமதித்தது. மற்ற நாடுகளும் அடுத்தடுத்து அதைப் பின்பற்றின. தேதி முத்திரை மங்கிய அட்டைக்குச் சேகரிப்பாளர்கள் வயது கணிக்க இக்கோடு உதவுகிறது.

சியா ஜின் செங் எழுதிய நூலொன்றில், கோலாலம்பூரையும் அன்று உள்ளடக்கிய சிலாங்கூரின் பழைய அஞ்சலட்டைகள் 300 இடம்பெற்றுள்ளன.