போகும்போது ஐந்து டிக்கெட், திரும்பும்போது நான்கு

பாலக்காடு ஜங்ஷனில் டிக்கெட் கவுண்டரில் உட்காருகிறவனுக்கு ஒரு கணக்கு தானாகவே மனப்பாடமாகிவிடும். நெடும்பாசேரி விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போகிற குடும்பம் ஆலுவாவுக்கு ஐந்து டிக்கெட் எடுக்கும். திரும்பி வந்து இறங்குவோர் நான்கு பேர். அந்த ஐந்தாவது ஆளோடு மற்ற நால்வரும் சேர்ந்து போவது எப்போது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பெண்மணி ஒருவர் இரண்டு குழந்தைகளுடன் வந்து, "அண்ணா, குவைத்துலே ஃபாமிலி விசா மறுபடி குடுக்கறாங்களாமே, நமக்குக் கிடைக்குமா?" என்று என்னைக் கேட்டார். அவருடைய கணவர் அங்கே டிரைவர். மாதம் 120 தினார். செய்தி உண்மைதான். 2022-ல் நிறுத்திய குடும்ப விசாவை குவைத் 2024 ஜனவரியில் மீண்டும் திறந்தது. ஆனால் மாதச் சம்பளம் 800 தினாராவது இருக்க வேண்டும் என்று விதித்துத் திறந்தது. சொன்னேன். மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் டிக்கெட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

துபாய், ஷார்ஜாவில் நிலைமை சற்று மேல். 4,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹமும் வீடும் இருந்தால் மனைவி மக்களை அழைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டட வேலைக்குப் போன நம்மவர்களில் அந்தச் சம்பளம் வாங்குவோர் எத்தனை பேர்?

சவூதியில் கதவு திறந்தே இருந்தது; வாடகைதான் ஏறியது. 2017 ஜூலையில் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 100 ரியால் என்று கட்டணம் வைத்தார்கள். வருஷா வருஷம் நூறு கூடி 2020-ல் 400 ஆயிற்று. மனைவி, இரண்டு குழந்தைகள் என்றால் மாதம் 1,200 ரியால். சில தொழிலாளர்களுக்குச் சம்பளமே அவ்வளவுதான். பெட்டி படுக்கையோடு ஊர் திரும்பிய குடும்பங்களை அந்த வருஷங்களில் எங்கள் பிளாட்பாரத்திலேயே பார்த்தேன்.

கேரளத்தில் வெளிநாடு சென்றோரை 1998 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்து வருகிறார்கள். 2013-ல் 24 லட்சமாக இருந்தவர்கள் 2018-ல் 21.2 லட்சமாகக் குறைந்து, 2023-ல் 22 லட்சத்தில் நிற்கிறார்கள். வாளையாறுக்கு இந்தப் பக்கம் குடியிருக்கும் தமிழர்களும் இதற்குள் அடக்கம். அந்தப் பக்கம் 2015-ல் எடுத்த தமிழ்நாட்டுக் கணக்கும் ஏறக்குறைய 22 லட்சம்தான்.

தொகை மாறவில்லையே தவிர, போகிற ஆட்கள் மாறிவிட்டார்கள். 2018-ல் நூற்றுக்கு 89 பேர் வளைகுடாவில். 2023-ல் 80 பேர். மாணவர்கள் 1.29 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சமாகப் பெருகினார்கள். இவர்களில் பலர் நாடிய பிரிட்டனும் 2024-ல் கையை இறுக்கிக்கொண்டது. ஆராய்ச்சிப் படிப்பு தவிர மற்ற மாணவர்கள் ஜனவரி முதலும், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகப் போவோர் மார்ச் முதலும் குடும்பத்தை அழைத்துவர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். நர்ஸுகளுக்கு அந்தத் தடை இல்லை.

இடுக்கியில் சிக்கல் வேறு மாதிரி. தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் கங்காணியின் பின்னால் குடும்பம் குடும்பமாகவே மலை ஏறினார்கள். கொழுந்து பறிக்கப் பெண்கள் வேண்டும். ஆகவே தோட்டத்துரைக்கும் குடும்பம் தேவைப்பட்டது. அரபு நாட்டு முதலாளிக்கு ஆள் மட்டும் போதும். லயத்து வீடோ, தோட்டத்துப் புத்தகத்தில் பெயர் இருக்கும்வரை மட்டுமே. புருஷன் கடல் கடந்தால், வீட்டைக் காப்பாற்றவே மனைவி கூடையைத் தூக்க வேண்டும். நாளைக்கே அவருக்கு விசா வந்தாலும் வேலையை விட்டால் லயம் போய்விடும். திரும்பி வந்து இறங்க இடமிராது. மாமியாரை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி.

பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில், 1983-ம் ஆண்டுச் சட்டப்படி, வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசு அனுமதி வேண்டும் என்ற குறிப்பு இருக்கும். மெட்ரிக் தேறிய என் பாஸ்போர்ட்டில் அது கிடையாது. என்ன பயன், விசாவும் கிடையாது!

கொழிஞ்சாம்பாறைப் பெண்மணி மறுபடியும் வந்தார். கணவர் இரண்டு மாத லீவில் வருகிறாராம். ஆலுவாவுக்கு மூன்று டிக்கெட் கேட்டார்.