டிவி புதுசு, படம் ஏன் வரல?



2006-ல் அரசு இலவசக் கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. கேபிள் வயரைச் சொருகினோம், படம் வந்தது. இப்போதைய ஸ்மார்ட் டிவி அப்படி இல்லை.

2021-ல் 'ஜெய் பீம்' படம் தியேட்டருக்கு வராமல் நேரே அமேசான் பிரைமில் வந்தது. இப்படி இன்டர்நெட் வழியாக வரும் படங்களை, யாரும் காப்பி எடுக்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். அதைத் திறக்கும் சாவி டிவிக்குள் இருக்க வேண்டும். கூகுளின் பூட்டுமுறைக்கு 'வைட்வைன்' என்று பெயர். 'எல்1' தரம் இருந்தால் படம் தெளிவாக வரும். 'எல்3' மட்டும் இருந்தால் பெரும்பாலும் மங்கல்தான்.

செல்போனில் ஓடும் படத்தை டிவிக்கு மாற்றினால், சில சமயம் சத்தம் மட்டும் கேட்கும், திரை கறுப்பாக நிற்கும். அதுவும் இந்தப் பூட்டால்தான். சந்தா கட்டியவர்களுக்கும் இதே கதிதான். டிவி ரிப்பேர் என்று நினைத்து உடனே மெக்கானிக்கிடம் காசு கொடுத்துடாதீங்க.

மார்க்கையன்கோட்டையிலிருந்து சின்னமனூருக்கோ தேனிக்கோ டிவி வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை:

1. 'ஆண்ட்ராய்டு' என்று எழுதியிருந்தால் மட்டும் போதாது. கூகுள் சான்று பெற்ற டிவியா என்று கேளுங்கள்.

2. நீங்கள் சந்தா கட்டும் ஆப்பைத் திறந்து, கடையிலேயே ஒரு படம் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

3. எத்தனை வருஷம் அப்டேட் வரும் என்று விசாரியுங்கள். 2019 டிசம்பரில் சில பழைய சாம்சங் டிவிகளில் நெட்பிளிக்ஸ் நின்றுபோனது.

4. ரசீது வாங்காமல் வராதீங்க. கடைக்காரர் சொன்னபடி டிவி இல்லை என்றால், நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம்.

குழுவில் கடன் வாங்கி, மாசாமாசம் தவணை கட்டப்போவது நாம்தானே! கூச்சப்படாமல் கேட்டு வாங்குவோம்.