பழைய புல்லட்டுக்கு எந்த ரிங்?

"அண்ணே, எந்த ரிங் வாங்கட்டும்?" என்று கேட்டான் டீக்கடையில் ஒரு தம்பி. அப்பா ஓட்டிய புல்லட் 350-ஐப் பிரித்துப் போட்டிருக்கிறான். வண்டி நீலமாகப் புகைக்கிறது, ஆயில் குடிக்கிறது, மேட்டில் இழுவை இல்லை. டீ ஆறுவதற்குள் பதில் வேண்டும் அவனுக்கு. நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "போர் அளந்தியா?"

அளக்கவில்லை. பழைய எஞ்சினைத் தொடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். சிலிண்டரை அளக்காமல் ரிங் வாங்குவது, காலை அளக்காமல் செருப்பு வாங்குவது மாதிரி.

முதலில் ரிங்குக்கு என்ன வேலை என்று பார்ப்போம். பிஸ்டன் சிலிண்டரைவிடத் துளி சின்னதாகத்தான் இருக்கும். சூட்டில் விரிய இடம் வேண்டும். அந்த இடைவெளியை அடைப்பது ரிங். நீராவிக் காலத்தில் சணலைத் திணித்து அடைத்தார்கள். 1850களில் இங்கிலாந்தின் ரயில் எஞ்சின் பொறியாளர் ஜான் ராம்ஸ்பாட்டம், ஓரிடத்தில் வெட்டுவிட்ட உலோக வளையத்தைக் கொண்டுவந்தார். இன்றும் அடிப்படை அதுதான். ரிங் தன் விறைப்பால் சுவரை லேசாகத்தான் தொடுகிறது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் வாயுவே, பிஸ்டனில் ரிங் உட்காரும் காடிக்குள் புகுந்து, பின்னாலிருந்து அதைச் சுவரோடு அழுத்துகிறது. பிஸ்டனின் சூட்டில் பெரும்பங்கு சுவருக்குப் போவதும் ரிங் வழியாகவே. அடியிலுள்ள ஆயில் ரிங்குக்கு வேறு வேலை. தோசைக்கல்லில் வெங்காயத்தால் எண்ணெய் தேய்க்கிறோமே, அந்த மாதிரி மெல்லிய பூச்சை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தைக் கீழே வழித்துவிடும்.

புல்லட் 350-இன் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 70 மி.மீ, ஸ்ட்ரோக் 90 மி.மீ. அந்தக் காலத்து சிலிண்டர் பிளாக் வார்ப்பிரும்பு. 1955-ல் மெட்ராஸில் ஒன்றுசேர்க்கத் தொடங்கி, பிறகு திருவொற்றியூரில் பல்லாண்டு உருவான வண்டி என்பதால் சாமானுக்குப் பஞ்சமில்லை. புதுப்பேட்டை உதிரிபாகக் கடையில் நின்று "ரிங் செட்" என்றால் ஏதோ ஒன்று கைக்கு வந்துவிடும். அது இந்த பிளாக்குக்கு ஏற்றதா என்று கடைக்காரர் எப்படிச் சொல்வார்? பிளாக் அவர் கண்ணில் படவே இல்லையே!

டீயை வைத்துவிட்டு பக்கத்துப் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். ஒரு ரிங்கை பிளாக்குக்குள் விட்டு, பிஸ்டனைக் கவிழ்த்து அதன் தலையால் தள்ளி மட்டமாக உட்காரவைத்தோம். பிஸ்டன் ரிங் ஓடாத அடிப்பகுதியில் தேய்மானம் இராது. அங்கே வெட்டுவாயில் ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.35 மி.மீ. அதே ரிங், மேல்விளிம்புக்கு ஒரு விரலளவு கீழே, 0.80. சூடும் அழுத்தமும் அதிகமாகி, ஆயில் குறைகிற இடம் அது. முதலில் தேய்வதும் அதுதான். வித்தியாசம் 0.45. இதை 3.14-ஆல் வகுத்தால் விட்டத்தில் தேய்மானம் ஏறக்குறைய 0.14 மி.மீ. மைக்ரோமீட்டர் இல்லாமலே இவ்வளவு தெரிந்துவிடுகிறது.

தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. இந்த பிளாக்கில் புது ரிங் போட்டால், ஒவ்வொரு ஏற்றஇறக்கத்திலும் அது 0.45 மி.மீ விரிந்து சுருங்கவேண்டும். தாங்காது. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் ரீபோர்தான் வழி. 0.25 ஓவர்சைஸில் சுவர் சுத்தமாக வந்தால் போதும், வராவிட்டால் 0.50. தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் என்பதால் அதை லேத்காரர்தான் சொல்லமுடியும். பிஸ்டனை முதலில் வாங்கி அவர் கையில் கொடுத்துவிடவேண்டும். அதை அளந்துதான் போர் போடுவார்.

"ஓவர்சைஸ் ரிங்கை வாங்கி வாயை ராவிட்டா, ரீபோர் செலவு மிச்சம்தானே?" என்றான். பல வருடம் முன்னால் ஒரு கடையில் எனக்கும் இதே யோசனை சொன்னார்கள், நானும் ராவினேன். ரிங்கை உள்ளே வைத்து, அடியில் பல்பைப் பிடித்து, நடுவை அட்டையால் மறைத்துப் பார்த்தபோது ஓரத்தில் மூன்று இடங்களில் வெளிச்சம் கசிந்தது. தன் அளவு போருக்குள்தான் ரிங் சரியான வட்டமாக நிற்கும். சின்ன போரில் நெருக்கினால் வடிவமே கெட்டுவிடுகிறது.

அடுத்து, குரோம் ரிங்கா சாதா வார்ப்பிரும்பா? குரோம் நீண்டநாள் உழைக்கும், ஆனால் சுவரோடு பழக நேரமெடுக்கும். சுவரைக் கல்லால் தீட்டும் ஹோனிங் கச்சிதமாக இருக்கவேண்டும். வார்ப்பிரும்பு சீக்கிரம் படியும், சிறு குறைகளைப் பொறுத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை வெளியே எடுக்கிற வண்டிக்கு நான் வார்ப்பிரும்பைத்தான் சொல்வேன். தினமும் ஓட்டுவதானால் மேல் ரிங் மட்டும் குரோம் இருக்கட்டும். சிலிண்டர் சுவரே குரோம் பூசியதாக இருக்கும் எஞ்சின்களில் குரோம் ரிங் கூடவே கூடாது; இரண்டும் உரசிச் சுவரைக் கிழித்துவிடும்.

வெட்டுவாய் இடைவெளிக்கு வருவோம். 70 மி.மீ ரிங்கின் சுற்றளவு சுமார் 220 மி.மீ. சுவரைவிட ரிங் 100 டிகிரி கூடுதலாகச் சூடானால், வார்ப்பிரும்பு அந்த நீளத்தில் 0.24 மி.மீ வளரும். காற்றால் குளிரும் எஞ்சின், மே மாத வெயில், சிக்னலில் நிற்கும் நேரம் எல்லாம் சேர்ந்தால் இந்தக் கணக்கு விளையாட்டில்லை. இரண்டு முனையும் முட்டிக்கொண்டால் ரிங் சுவரைக் கீறும், உடையும். அதனால் மேல் ரிங்குக்கு 0.28-க்குக் குறையாமல் வைக்கச் சொன்னேன். துளி கூடினால் பரவாயில்லை, குறையக் கூடாது. ராவும்போது வெளிமுகத்திலிருந்து உள்நோக்கி ஒரே திசையில் அரத்தைத் தள்ளவேண்டும். பிசிறை எண்ணெய்க்கல்லில் எடுத்துவிடவேண்டும்.

புது பிஸ்டன் என்பதால் காடித் தேய்மானம் பற்றிக் கவலையில்லை. ஹோனிங் முடிந்ததும் பிளாக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்து, துணியில் சாம்பல் நிறம் ஏறுவது நிற்கும்வரை விடக்கூடாது. ரிங்கில் புள்ளியோ எழுத்தோ இருந்தால் அந்த முகம் மேலே. மூன்று ரிங்குகளின் வெட்டுவாய்களும் ஒன்றன்மேல் ஒன்று வராமல் விலகி நிற்கவேண்டும்.

"ஸ்டார்ட் பண்ணிட்டு அரைமணி நேரம் ஐடிலிங்ல விடட்டுமா?" என்றான். வேண்டாம் என்றேன். ஐடிலிங்கில் வாயு அழுத்தம் குறைவு, ரிங் சுவரில் உட்காராது. சாலையில் எடுத்து, வேகத்தை ஏற்றி இறக்கி, முக்காமல் ஓட்டவேண்டும். அவன் தலையாட்டிவிட்டு பிளாக்கைச் சாக்கில் சுற்றி, லேத் எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று டீக்கடைக்காரரிடம் விசாரித்தான்.