குதிரையின் செல், நாயின் மூட்டு

நாய்களின் மூட்டுத் தேய்மானத்துக்கு டாக்ஸ்டெம் என்ற ஊசி மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2022-இல் அனுமதித்தது. அதில் இருப்பவை ஸ்டெம் செல்கள். நாயிடமிருந்து எடுத்தவை அல்ல. குதிரையின் தொப்புள்கொடியிலிருந்து எடுத்து வளர்த்தவை. குதிரையின் செல் நாயின் இடுப்பில் புகுந்து குருத்தெலும்பாக வளர்ந்துவிடும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறகு அங்கே அதற்கு என்ன வேலை?

கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய் வளர்ப்பவர்கள் இதைக் கேட்டே ஆக வேண்டும். தாமான் வீட்டு வாசலைக் காக்கும் ஜெர்மன் ஷெப்பர்டும், வீட்டுக்குள் செல்லமாக வளரும் லாப்ரடோரும் இடுப்பு மூட்டுக் கோளாறுக்குப் பேர்போன இனங்கள். தொடை எலும்பின் பந்து, இடுப்புக் கிண்ணத்தில் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்து ஆடும். ஆட ஆட, இடையிலிருக்கும் குருத்தெலும்பு தேயும். ரத்த நாளமே இல்லாத திசு அது; தேய்ந்தால் தானாக வளர்வது அரிது. போதாக்குறைக்கு நம் வீடுகளில் வழுக்கும் டைல்ஸ் தரை வேறு. பின்னங்கால் பலமிழந்த நாய் எழுவதற்குள் நாலு தடவை சறுக்கும். படுக்கும் இடத்தில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டாலே பாதிச் சிரமம் குறையும்; இதற்கு எந்த விஞ்ஞானமும் வேண்டாம்.

அமெரிக்காவில் இருபது ஆண்டுகளாகப் புழங்கும் ஸ்டெம் செல் முறை வேறு. நாய்க்கு மயக்கம் கொடுத்து, அதன் உடலிலிருந்தே கொஞ்சம் கொழுப்பை எடுக்கிறார்கள். நொதியால் அதைக் கரைத்து, வேகமாகச் சுழற்றினால் செல்கள் அடியில் தங்கும். அவற்றை உடனே மூட்டில் ஊசியாகப் போடலாம். ஆய்வுக்கூடத்தில் வாரக்கணக்கில் வளர்த்துப் பெருக்கியும் போடலாம்.

எப்படிப் போட்டாலும், அந்தச் செல்களில் பெரும்பாலானவை மூட்டில் நெடுநாள் தங்குவதில்லை. மறைவதற்குள் சில புரதங்களையும் வேதிப்பொருள்களையும் சுரக்கின்றன. மூட்டை அழற்சியில் வைத்திருக்கும் நோயெதிர்ப்புச் செல்கள் அவற்றால் அடங்குகின்றன. வீக்கமும் வலியும் தணிகின்றன. குதிரைச் செல் நாய்க்கு உதவும் ரகசியம் இதுதான். 1991-இல் இவ்வகைச் செல்களுக்கு ஸ்டெம் செல் என்று பெயரிட்ட அமெரிக்க விஞ்ஞானி ஆர்னால்ட் கேப்லனே, அவை காயத்தில் புதுத் திசுவாக மாறுவதில்லை, மருந்தைச் சுரக்கின்றன என்று 2017-இல் அழுத்தமாக எழுதினார். ஆகவே, புதுக் குருத்தெலும்பு முளைக்கும் என்று யாராவது சொல்லிப் பணம் கேட்டால் யோசியுங்கள். கிடைப்பது வலி நிவாரணம். அதுவும் சிறிய விஷயமல்லதான்.

அது கிடைக்கிறதா? இடுப்பு மூட்டு தேய்ந்த 21 நாய்களை வைத்து நடத்திய சோதனை 2007-இல் வெளியானது. எந்த நாய்க்குச் செல், எந்த நாய்க்குப் போலி ஊசி என்பது உரிமையாளருக்கும் தெரியாது, பரிசோதித்த டாக்டருக்கும் தெரியாது. செல் பெற்ற நாய்களின் நொண்டல் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் 21 நாய்கள் மிகச் சிறிய கூட்டம். அதோடு, நொண்டல் குறைந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. பாதம் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தட்டின் மேல் நாய்களை நடக்கவிட்டு, 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கணக்குப் பார்த்தார்கள். போலி மருந்து மட்டுமே பெற்ற 58 நாய்கள் அவை. தட்டில் முன்னேற்றமே பதிவாகாத நாய்களைக்கூட 'தேறிவிட்டது' என்று உரிமையாளர்கள் பலர் சொன்னார்கள். டாக்டர்களும் ஏமாந்தார்கள். பாசம் அப்படி.

பின்னங்கால் நொண்டலெல்லாம் இடுப்புத் தேய்மானமும் அல்ல. முழங்கால் தசைநார் அறுந்தாலும் நாய் காலைத் தூக்கியே நடக்கும். அறுந்த நாரை எந்தச் செல்லும் முடிந்து தராது. ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பக்கத்துக் கிளினிக்கில் தெளிவு கிடைக்காவிட்டால், செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது. நமக்கு வாங்கிய வலி மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். ஐபுபுரோஃபென் நாய்க்கு நஞ்சு.

இத்தனைக்கும் நடுவே, மூட்டைக் காப்பதில் வலுவான ஆதாரம் உள்ள வைத்தியம் சோற்றுத் தட்டில் இருக்கிறது. 48 லாப்ரடோர் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்த ஆய்வு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்றவற்றில் பாதி 13 ஆண்டுகளைத் தாண்டின, மற்றவற்றில் பாதி 11.2 ஆண்டுகளை. மூட்டுத் தேய்மானத்துக்கு மருந்து தேவைப்பட்டதும் ஏறக்குறைய 3 ஆண்டுகள் தள்ளித்தான். மீந்த ரொட்டி சானாயை எல்லாம் நாய்க்குப் போடும் வீடுகளில் இதை யார் போய்ச் சொல்வது!

எடையைக் குறைத்த பிறகும் வலி தீராமல், டாக்டர் ஸ்டெம் செல் ஊசியைப் பரிந்துரைத்தால், யாருடைய செல், எங்கே வளர்த்தது, எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று கேளுங்கள். ஊசிக்கு முன்பு நாயின் நடையை ஒரே இடத்தில், பிரிக்பீல்ட்ஸ் கடை வரிசையின் அஞ்சடியிலோ வீட்டு வாசலிலோ, கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். இரண்டு மாதம் கழித்து அதே இடத்தில் இன்னொரு படம். எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்லாமல், அந்த நாயோடு பழகாத ஒருவரிடம் இரண்டையும் காட்டுங்கள்.