நெல்லுக்குச் சாணிக் கோடு! போட்டோவுக்கு நீர்க்குறி!

தஞ்சைக் களத்துமேட்டில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது.

அறுப்பு முடியும். போரடித்துத் தூற்றிய நெல்லைக் குவித்து வைப்பார்கள். அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அளந்து பங்கு பிரிப்பது மறுநாள்தான். அதுவரை நெல் வெட்டவெளியில் கிடக்க வேண்டும். கதவு இல்லை. பூட்டும் இல்லை.

என்ன செய்வார்கள்?

மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து, குவியலின் மேல் கோடு போட்டுவிடுவார்கள். "சாணிப்பால்" என்று அதற்குப் பெயர். யாராவது ஒரு மரக்கால் நெல்லை அள்ளினால் போதும். நெல் சரியும். கோடு கலையும். விடிந்ததும் குட்டு வெளிப்பட்டுவிடும்!

சாணிக் கோடு திருடனின் கையைப் பிடிக்காது. ஆனால் அவனை யோசிக்க வைக்கும்.

இன்று செல்போனில் அனுப்பும் போட்டோக்களின் மேல் மங்கலாகப் பெயர் எழுதுகிறார்களே, அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது. அதற்கு "நீர்க்குறி" என்று பெயர். "வாட்டர்மார்க்" என்றும் சொல்வார்கள்.

நோட்டில் காந்தி

நூறு ரூபாய் நோட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெற்றிடத்தில் காந்தியடிகளின் முகம் தெரியும். அது மையால் அச்சிட்டது அல்ல. காகிதம் செய்யும்போதே சில இடங்களை மெல்லியதாகவும் சில இடங்களைக் கனமாகவும் விடுவதால் வரும் உருவம்.

இத்தாலியில் பேப்ரியானோ என்று ஓர் ஊர். அங்கே காகிதம் செய்தவர்கள், 13-ம் நூற்றாண்டிலேயே தங்கள் சரக்கை அடையாளம் காட்ட இப்படிக் குறி போட்டார்கள். செல்போன் படத்தில் காகிதமும் இல்லை, தண்ணீரும் இல்லை. பெயர் மட்டும் தொடர்ந்து வந்துவிட்டது!

உழைப்பு ஒருவருக்கு, பெயர் இன்னொருவருக்கு

திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை. காவிரிக் கரையில் ஆடிப்பெருக்கு. 2020-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந்தேதி தஞ்சைப் பெரிய கோவிலில் குடமுழுக்கு. இத்தகைய நாட்களில் வெயிலில் கால் கடுக்க நின்று ஒருவர் படம் எடுக்கிறார். நூறு எடுத்தால் ஒன்று அற்புதமாக அமைகிறது. ஆசையோடு பேஸ்புக்கில் போடுகிறார். சிறிது நேரத்தில் அது வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போய்விடுகிறது. பிறகு காலண்டரில் வரலாம். விளம்பரத் தட்டியிலும் வரலாம். எடுத்தவருக்குக் காசும் இல்லை, பெயரும் இல்லை.

தஞ்சாவூர் ஓவியம் தீட்டுகிறவர் பாடு இன்னும் சங்கடம். தங்கத் தகடு ஒட்டி, கல் பதித்து, நாள் கணக்கில் உழைத்து ஒரு படத்தை முடிக்கிறார். ஆர்டர் கிடைக்கட்டும் என்று அதை போட்டோ எடுத்துப் போடுகிறார். அதையே இன்னொருவர், "இது நான் செய்தது" என்று காட்டி முன்பணம் வாங்கிவிட முடியும். பணம் கொடுத்தவர் ஏமாறுவார். ஓவியரின் பெயர் கெடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் போட்டோவுக்கும் உரிமை தருகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. 2012-ம் ஆண்டில் அச்சட்டத்தைத் திருத்தினார்கள். படைத்தவர் பெயர், உரிமையாளர் பெயர் போன்ற விவரங்களை அனுமதியின்றி, தெரிந்தே நீக்கினால் 2 ஆண்டு வரை ஜெயில். அபராதமும் உண்டு.

கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஒரு செய்தி. காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை யாருக்கு? ஸ்டூடியோக்காரருக்கு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அது காசு கொடுத்தவருக்கே! உங்கள் பெண்ணின் மணக்கோலப் படத்தை ஸ்டூடியோக்காரர் தம் விளம்பரத்தில் போடலாமா, கூடாதா என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்வது நல்லது.

எங்கே போடுவது?

பலர் படத்தின் ஓரத்தில் சின்னதாகப் பெயர் போடுகிறார்கள். அது வீண். ஓரத்தை வெட்டிவிட்டால் பெயரும் போய்விடும். முக்கியமான பகுதியின் மேலேயே மங்கலாகப் போட வேண்டும். முகத்தை மறைக்கும் அளவுக்கு வேண்டாம். அப்புறம் படத்தை யார் பார்ப்பார்கள்?

எல்லாப் படத்திலும் ஒரே மாதிரி போடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 2017-ம் ஆண்டு கூகுள் ஆராய்ச்சியாளர்கள் இதைக் காட்டினார்கள். ஒரே குறி உள்ள ஏராளமான படங்களைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்தால், அது குறியை மட்டும் தனியே கண்டுபிடித்துச் சுத்தமாக அழித்துவிடுகிறது! ஒவ்வொரு படத்திலும் குறியின் வடிவத்தைச் சற்றே நெளித்துவிட்டால், அழித்த இடத்தில் தழும்பு தெரிகிறது.

குறியே திருப்பிக் கடித்த கதையும் உண்டு. கெட்டி இமேஜஸ் என்பது படங்கள் விற்கும் பெரிய கம்பெனி. தன் படங்களை அனுமதியின்றி எடுத்துப் பயிற்சி கொடுத்ததாக, செயற்கை அறிவுக் கம்பெனியான ஸ்டெபிலிட்டி மீது 2023-ம் ஆண்டில் வழக்குப் போட்டது. காரணம், அந்தக் கம்பெனியின் எந்திரம் புதிதாக வரைந்த சில படங்களிலும் கெட்டியின் நீர்க்குறி கோணல்மாணலாக வந்திருந்தது! 2025-ம் ஆண்டில் லண்டன் கோர்ட்டு பதிப்புரிமைப் புகாரை ஏற்கவில்லை. ஆனால் அந்தக் குறி விஷயத்தில் மட்டும் கெட்டிக்கு ஓரளவு வெற்றி கிடைத்தது.

மூலப்படம் பத்திரம்!

பெயர் எழுதுவது நகலில்தான். அதையும் சிறிய அளவாக்கி அனுப்புங்கள். பெயர் எழுதாத பெரிய மூலப்படம் உங்களிடமே இருக்கட்டும். நாளை வழக்கு என்று வந்தால் அதுதான் சாட்சி.

பழைய போட்டோ ஒன்று எவ்வளவு பெரிய சாட்சி சொல்லும் தெரியுமா?

கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்தில் ஸ்ரீபுரந்தான் கிராமம் இருக்கிறது. அங்கே கோவிலில் இருந்த சோழர் கால நடராஜர் சிலை களவு போயிற்று. 2008-ம் ஆண்டு ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் அதை ஏறத்தாழ 50 லட்சம் டாலருக்கு வாங்கிவிட்டது. கோவிலில் சிலை இருந்தபோது எடுத்த படம், புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்தது. அதையும் கலைக்கூடத்தின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் ஒன்றே!

2014-ம் ஆண்டு செப்டம்பரில், ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து அந்த நடராஜரைப் பிரதமர் மோடியிடம் ஒப்படைத்தார்.